சடுகுடுவில் விழுகிற வித்தை

சடுகுடு ஆடியவர்களின் முழங்கையைப் பார்த்தால் எந்த மண்ணில் ஆடினார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆற்று மணலில் ஆடியவர் கையில் ஒன்றும் இருக்காது. வயல் ஓரத்துக் கட்டாந்தரையில் ஆடியவருக்கு வழுவழுப்பாக ஒரு திட்டு இருக்கும். நம் ஜவ்வாது மலைச் சரளையில் ஆடியவருக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கோடாகத் தழும்பு. இதைப் படிக்கும் நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது சட்டைக் கையை ஏற்றிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தத் தழும்புகளில் பெரும்பாலானவை எதிராளியைத் தொடப் போகும்போது வந்தவை அல்ல. திரும்பி வரும்போது வந்தவை. சடுகுடு என்றாலே எல்லோரும் பாடிக்கொண்டு போவதைத்தான் பேசுகிறார்கள். தொடையைத் தட்டிக்கொண்டு போனான், நாலு பேரைத் தொட்டான் என்பார்கள். ஆனால் தொட்டது கணக்கில் சேர வேண்டுமானால் அவன் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். கணுக்காலை ஒருவன் பிடித்துவிட்டான், கோடு இரண்டு முழம் தள்ளி இருக்கிறது, மூச்சு தீரப் போகிறது. அந்த நேரத்தில் எப்படி விழுவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அந்த விழுதலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

நம் பக்கத்தில் சடுகுடு, சில ஊர்களில் பலிஞ்சடுகுடு. ஆந்திரத்தில் செடுகுடு, மராட்டியத்தில் ஹுதூது, வங்காளத்தில் ஹாடுடு. தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றி எழுதிய நூலில் சடுகுடுவுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஊருக்கு ஒரு பெயர் இருந்தது போல ஊருக்கு ஒரு சட்டமும் இருந்தது. அவுட் ஆனவன் மறுபடி உள்ளே வரலாமா கூடாதா என்பதிலேயே மூன்று வகை ஆட்டங்கள் வடக்கே இருந்தன: சஞ்சீவினி, காமினி, அமர். சஞ்சீவினியில் எதிரணியில் ஒருவன் அவுட் ஆனால் நம் ஆள் ஒருவன் உயிர் பெற்று வருவான். காமினியில் அணி முழுவதும் போகும்வரை வெளியே உட்கார வேண்டியதுதான். அமர் வகையில் அவுட் ஆனவனும் களத்திலேயே இருப்பான், கணக்கு மட்டும் ஏறும். இன்று நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது சஞ்சீவினியின் வழிவந்தது.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் மராட்டியர்கள். 1918-ல் சதாராவில் விதிகளை வகுக்கத் தொடங்கி, 1923-ல் அச்சிட்டு, அதே ஆண்டில் பரோடாவில் அகில இந்தியப் போட்டி நடத்தினார்கள். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் நடந்தபோது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு அங்கே ஆடிக் காட்டியது. 1950-ல் அகில இந்திய கபடிக் கழகம் அமைந்தது. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் காட்சி ஆட்டம், 1990 பெய்ஜிங்கில் பதக்க ஆட்டம். அதிலிருந்து 2014 வரை ஆண்கள் தங்கத்தை இந்தியா யாருக்கும் விடவில்லை. 2018-ல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் தோற்றபோதுதான் பலருக்கு இந்த ஆட்டத்தை வேறு நாட்டுக்காரர்களும் நன்றாகவே ஆடுகிறார்கள் என்று தெரிந்தது. நம் ராஜரத்தினமும் கணேசனும் 1990களில் அர்ஜுனா விருது வாங்கினார்கள். பெண்கள் ஆட்டம் 2010 குவாங்சோவில் சேர்ந்தது. இதெல்லாம் பலரும் எழுதியதுதான், ஆகவே இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

விதி எழுதப்பட்டபோது விழுகிறவனுக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஊர் ஆட்டத்தில் களத்துக்கு அளவு கிடையாது. குதிகாலால் ஒரு கோடு இழுப்போம், அவ்வளவுதான். விதிப்புத்தகம் வந்தபின் ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு. பாடிப் போகிறவன் யாரையும் தொடாமல் திரும்புவதானால் அதையாவது தாண்டிவிட்டுத்தான் வர வேண்டும். அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு.

அலுவலகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பார்த்த புத்தி சும்மா இருக்காது. 3.75 மீட்டர் என்றால் பன்னிரண்டே கால் அடிக்குக் கொஞ்சம் மேல். ஐந்தரை அடி உயரமுள்ள ஓர் ஆள் கையைத் தலைக்கு மேல் நீட்டிக் குப்புற விழுந்தால் கால்விரலிலிருந்து கைவிரல் வரை ஏறக்குறைய ஏழு அடி. ஆக, அந்தக் கோட்டருகே கணுக்காலைப் பிடித்துவிட்டால், எவ்வளவு நீட்டி விழுந்தாலும் ஐந்தடி மிச்சம் இருக்கிறது. அந்த ஐந்தடியைப் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு மண்ணில் நகர்ந்து கடக்க வேண்டும். விரல் நுனி நடுக்கோட்டுக்கு அப்பால் தன் பக்கத்து மண்ணில் பட்டால் போதும். முதுகில் ஐந்து பேர் ஏறிக் கிடந்தாலும் அந்த ஐந்து பேரும் அவுட். சடுகுடுவில் கூட்டம் எழுந்து நிற்பது இந்த ஐந்தடிக்காகத்தான்.

விதி எழுதியவர்களுக்கு இந்த இடத்தின் ஆபத்து தெரிந்திருந்தது. பிடிப்பவர்கள் பாடுகிறவனின் வாயைப் பொத்தக் கூடாது, கழுத்தை நெரிக்கக் கூடாது, இரண்டு கால்களையும் கத்தரிக்கோல் போலப் பின்னி அவனை வீழ்த்தக் கூடாது, களத்துக்கு வெளியே வேண்டுமென்றே தள்ளக் கூடாது. கையையும் காலையும் உடம்பையும் பிடிக்கலாம், முடியையும் உடையையும் பிடிக்கக் கூடாது. கத்தரிக்கோல் பிடிக்குத் தடை வந்தது மிக நல்ல காரியம். முழங்காலின் பக்கவாட்டில் விழும் அடியை எந்த வைத்தியரும் பழையபடி சரிசெய்து தர முடியாது.

தரையைப் பற்றியும் விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. பலர் அதைப் படிப்பதில்லை. களம் சமமாகவும் மிருதுவாகவும் இருக்க வேண்டும். மண், எரு, மரத்தூள் கலந்ததாக இருப்பது நல்லது, அல்லது மெத்தை. எருவும் மரத்தூளும்! இதை எழுதியவர் மாட்டுத் தொழுவத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். வரப்பு ஓரத்து எருக்குழி மேல் விழுந்து எழுந்த பிள்ளைகளுக்கு அந்த வரியின் அர்த்தம் உடனே புரியும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் உடற்பயிற்சி வகுப்பில் ஓடக் கற்பிக்கும் முன் உருளக் கற்பித்தார்கள். 'ரூலாட்' என்று பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, தோளில் தொடங்கி எதிர்ப்பக்க இடுப்பு வரை உருண்டு எழ வேண்டும். தலை தரையில் படக் கூடாது. எங்களுக்கு அது வெறும் குட்டிக்கரணம். சறுக்கி விழும்போதெல்லாம் எலும்பைக் காப்பாற்றுவது அதுதான் என்பது பின்னால்தான் விளங்கியது. ஜப்பானியரின் ஜூடோவிலும் எதிராளியைத் தூக்கி எறிவதற்கு முன் எறியப்படுவதைத்தான் முதலில் பழக்குகிறார்கள். அதற்கு உகேமி என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அரசு வேலையில் ஜமுனாமரத்தூருக்கு வந்து சேர்ந்தபோது மலையில் சாமை அறுப்பு முடிந்திருந்தது. தாள் அடித்து எடுத்த களத்தில் மாலையில் பையன்கள் சடுகுடு ஆடுவார்கள். சாணம் மெழுகிய தரை, மேலே உமியும் தூசும் ஒரு விரற்கடை. விழுந்தால் உடம்பு வழுக்கிக்கொண்டு போகும். ஊர்ப் பெரியவர் ஒருவர் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: "கைய ஊனாதடா, கையப் போடு."

இந்த நாலு சொல்லில் முழுப் பாடமும் இருக்கிறது. கால் பிடிபட்டு முன்னால் சாயும்போது மனிதக் கை தானாகவே தரையை ஊன்றப் போகும். முழங்கை நிமிர்ந்து, உள்ளங்கை தரையில் அழுந்தி நிற்கும்போது உடம்பின் பாரமும் முதுகில் ஏறியவர்களின் பாரமும் மணிக்கட்டில் இறங்குகிறது. மணிக்கட்டு தாங்கினால் முழங்கை போகும், அதுவும் தாங்கினால் காறையெலும்பு போகும். மலையிலிருந்து கீழே இறங்கிப் புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் கையை ஊன்றியவர்கள்தான். கையைப் போடுவது என்றால் முழங்கையைச் சற்று மடக்கி, முன்கை முழுவதையும் தரையோடு படுக்க வைத்து, முன்னால் வழுக்க விடுவது. விரல்கள் சேர்ந்திருக்க வேண்டும். விரித்த விரல் எவன் காலடியிலாவது மாட்டும்.

அப்புறம் இறங்குகிற வரிசை. நின்ற உயரத்திலிருந்து அப்படியே பலகை போல விழக் கூடாது. பிடிபட்டது தெரிந்தவுடன் இடுப்பைத் தாழ்த்தி, உயரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, தொடை, வயிறு, நெஞ்சின் ஒரு பக்கம், முன்கை என்று படிப்படியாகத் தரையைத் தொட வேண்டும். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். தாடை முதலில் பட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வான். பிடிபட்ட காலை முறுக்கி இழுக்கக் கூடாது. உடம்பு அந்தக் காலின் திசையிலேயே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பாதம் ஒரு பக்கமும் முழங்கால் ஒரு பக்கமும் போகும். பிடிபடாத காலை விறைப்பாக ஊன்றி நிற்கவும் கூடாது, அதன் மேல் யாராவது பக்கத்திலிருந்து விழுவார்கள்.

இதில் நான் மிகவும் ரசித்த விஷயம் ஒன்று உண்டு. பையன்கள் இதை அடிபடாமல் இருப்பதற்காகக் கற்றுக்கொள்ளவில்லை. எந்தப் பையன் அடிக்குப் பயந்து ஆடினான்? மூச்சுக்காகக் கற்றுக்கொண்டார்கள். பலகை போல நெஞ்சடிக்க விழுந்தால் 'ஹக்' என்று காற்று முழுவதும் வெளியே போய்விடும், பாட்டு அறுந்துவிடும். பாட்டு அறுந்தால் விரல் கோட்டைத் தொட்டாலும் பயனில்லை. மெதுவாக, பக்கவாட்டில், வரிசையாக இறங்கியவனுக்குத்தான் கடைசி இரண்டு 'சடுகுடு'வுக்கு மூச்சு மிச்சமிருக்கும். பத்திரமாக விழுவதும் ஜெயிப்பதும் ஒரே காரியமாக இருந்தபடியால் தலைமுறை தலைமுறையாக இந்த வித்தை யாரும் எழுதி வைக்காமலே பிழைத்து வந்தது.

இப்படி வீடு திரும்புகிறவன் மண்ணில் பாய்கிற ஆட்டம் வெளிநாட்டிலும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பேஸ்பால். மட்டையால் அடித்தவன் மூன்று முனைகளைச் சுற்றி ஓடிக் கடைசியில் தான் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். அந்த இடத்தில் தரையோடு தரையாக 17 அங்குல அகலத்தில் ஒரு தகடு பதித்திருப்பார்கள். அதற்கு அவர்கள் 'ஹோம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், வீடு. அதைப் பந்து வந்து சேருமுன் தொட்டுவிட்டால் ஓர் ஓட்டம். பந்து முந்திவிட்டால், பந்தைக் கையில் வைத்திருக்கும் காட்சர் அவன் உடம்பைத் தொட்டு அவுட் ஆக்கிவிடுவான். ஆகவே ஓடி வருகிறவன் தரையில் சறுக்கிக் காட்சரின் கைக்குத் தப்பித் தகட்டைத் தொடுகிறான். நம் நடுக்கோடும் அவர்கள் தகடும் ஒன்றுதான். தொட்ட கணத்தோடு வேலை முடிந்தது, அதற்கு மேல் அங்கே நிற்க வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அந்தத் தகட்டை 'மார்ப்ர்' என்கிறார்கள், சலவைக்கல் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் கல்லிலும் இரும்பிலும் அதைச் செய்து பதித்தார்கள். கல்லின் மேல் சறுக்கி வருகிறவன் கதி என்ன ஆகும் என்று யோசித்துத்தான் பிறகு ரப்பருக்கு மாறினார்கள். கல் போய்விட்டது, பெயர் மட்டும் பிரெஞ்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே சறுக்குவதில் இரண்டு வகை. கால் முன்னே வருவது ஒன்று. ஒரு காலை மடித்து இன்னொரு காலுக்கு அடியில் வைத்து, பின்பக்கத்திலும் மடித்த காலின் வெளிப்புறத்திலும் உட்கார்ந்தாற்போல வழுக்கி, நீட்டிய காலால் தொடுவது. தாடை நெஞ்சை ஒட்டியிருக்கும், கைகள் தரையில் படாமல் மேலே இருக்கும். மற்றொன்று நம் சடுகுடு போலத் தலை முன்னே பாய்வது. காட்சர் முழங்காலுக்குக் கீழே கெட்டியான காப்பு கட்டியிருப்பான். அதில் போய் மோதும் விரல்களுக்கும் தலைக்கும் பாதுகாப்பு இல்லை. அதனால் லிட்டில் லீக் என்னும் சிறுவர் போட்டிகளில் 12 வயது வரை உள்ள பிரிவுகளில் முன்னேறி ஓடும்போது தலைமுன் பாய்ச்சலுக்கே தடை. பாய்ந்தால் அவுட். முனைக்குத் திரும்பி வரும்போது மட்டும் விலக்கு.

பெரியவர்கள் ஆட்டத்தில் விதி மாற ஒருவனின் கால் முறிய வேண்டியிருந்தது. 2011 மே 25 அன்று சான் பிரான்சிஸ்கோ அணியின் காட்சர் பஸ்டர் போசி மேல் ஓடிவந்தவன் வேகமாக மோதினான். போசிக்குக் காலெலும்பு முறிந்து கணுக்கால் தசைநார்களும் கிழிந்தன. அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியவில்லை. முந்தைய ஆண்டுதான் சிறந்த புதுமுகம் என்ற விருது வாங்கியவர் அவர். 2014-லிருந்து விதி வந்தது: ஓடி வருகிறவன் மோதுவதற்காக வழி விலகக் கூடாது, காட்சரும் பந்து கையில் இல்லாமல் தகட்டுக்கு வரும் வழியை மறிக்கக் கூடாது. தொடுவதற்கு ஒரு பாதை விட்டே ஆக வேண்டும் என்பது இதன் சாரம்.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 1988-ல் மிச்சிகனைச் சேர்ந்த மருத்துவர் டேவிட் ஜாண்டாவும் அவர் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேஸ்பாலின் தங்கை போன்ற சாஃப்ட்பாலில், தரையில் அசையாமல் அறைந்த முனைகளோடு 627 ஆட்டங்களும், இடித்தால் கழன்றுகொள்ளும் முனைகளோடு 633 ஆட்டங்களும் கவனித்தார்கள். அசையாத முனையில் சறுக்கிக் காயம்பட்டவர்கள் 45 பேர். கழலும் முனையில் 2 பேர். ஆட்டக்காரர்கள் மாறவில்லை, சறுக்கும் விதமும் மாறவில்லை. அடியில் இருந்ததுதான் மாறியது. பிறகு லிட்டில் லீக் கழலும் முனைகளைக் கட்டாயமாக்கியது.

நம் ஊரிலும் அடியில் இருப்பது மாறியது. 2014-ல் புரோ கபடி தொடங்கியது. முதல் ஆண்டு கோப்பையை வென்ற ஜெய்ப்பூர் அணிக்குப் பயிற்சியாளர் நம் காசிநாதன் பாஸ்கரன். 2016-ல் பாட்னா வென்றபோது தலைவர் தஞ்சைப் பக்கத்து சேரலாதன். பெருமைதான். அதோடு மெத்தை ஆட்டம்தான் கபடி என்பதும் வீடு வீடாக வந்து சேர்ந்தது. மெத்தையில் உடம்பு வழுக்காது, பிடித்துக்கொள்ளும். மண்ணில் நகர்ந்து கடந்த அந்த ஐந்தடியை மெத்தையில் காற்றில் பாய்ந்து கடக்க வேண்டியிருக்கிறது. பிடிப்பவர்களின் சங்கிலிக்கு அடியில் குனிந்து புகுந்து வரும் 'டுப்கி'யைப் பிரதீப் நர்வால் செய்தபோது பார்க்க அழகாக இருந்தது. எதிரிகளின் தலைக்கு மேல் தாண்டிக் கோட்டில் வந்து விழுகிறவர்களையும் பார்க்கிறோம். விழுகிற இடத்தில் மெத்தை. பக்கத்தில் மருத்துவர். காலில் ஷூ. முழங்காலில் உறை.

மலையில் பையன்கள் இதைக் கைபேசியில் பார்த்துவிட்டு மறுநாள் சரளைத் தரையில் தாண்டுகிறார்கள். தாழ்ந்து விழுந்த தலைமுறை போய் உயரத்திலிருந்து விழும் தலைமுறை வந்திருக்கிறது. ஆள் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. பாய்ச்சல் மட்டும் மெத்தைப் பாய்ச்சல்.

2009-ல் 'வெண்ணிலா கபடி குழு' படத்தில் நாயகன் களத்திலேயே உயிர் விட்டபோது தியேட்டரில் அழுதவர்கள், சினிமாவுக்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்து ஊர்ப் போட்டி ஒன்றில், பாடிப் போன இளைஞர் மடக்க வந்தவர்களைத் தாண்டி விழுந்தார். அவர் மேல் இன்னொருவர் விழுந்தார். எழ முயன்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மருத்துவமனையில் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டார்கள். 20களின் தொடக்கத்தில் இருந்த பிள்ளை. அந்தக் காட்சியின் வீடியோ எல்லோர் கைபேசிக்கும் வந்தது. எனக்கும் மூன்று பேர் அனுப்பினார்கள். மூன்று பேரும் 'அய்யோ பாவம்' என்று எழுதியிருந்தார்கள். தரை எப்படி இருந்தது, யாராவது விழக் கற்றுக்கொடுத்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆட்டத்தையே வேண்டாம் என்று சொல்லும் கட்சி நான் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் சென்னை கண்ணகி நகர்ப் பெண்ணும் வடுவூர்ப் பையனும் கபடித் தங்கத்தோடு வந்தார்கள். நம் மலைப் பள்ளிப் பெண்களின் கால் வேகத்தைப் பார்த்தவர்கள், அடுத்த முறை இங்கிருந்து ஒருத்தி போனால் ஆச்சரியப்பட மாட்டார்கள். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து வானத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள். அதே மலையில் பிள்ளைகள் விழுகிற தரையில் எத்தனை கல் இருக்கிறது என்று குனிந்து பார்க்க ஆள் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மெத்தை வாங்க லட்சக்கணக்கில் ஆகும், கிடைக்கும்போது கிடைக்கட்டும். அதுவரை விதிப்புத்தகத்து வரியே போதும். பொங்கலுக்குப் போட்டி வைக்கும் இளைஞர்கள் மார்கழி பிறந்தவுடனே களத்தை அரையடி ஆழம் கொத்திவிடட்டும். கொத்திய மண்ணை மணல் சலிக்கும் சல்லடையில் சலித்தால் வருகிற கல்லைப் பார்த்து அவர்களே வாயடைத்துப் போவார்கள். ஏரி வண்டலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, மரம் அறுக்கும் இடத்திலிருந்து தூள் கொண்டுவந்து மேலே தூவி, தண்ணீர் தெளித்து நாலு நாள் விட்டால் மண் பதமாகிவிடும். எரு பச்சையாக இருக்கக் கூடாது. காயத்தில் பட்டால் சீழ் வைக்கும், நன்றாக மக்கி மண்ணோடு மண்ணாகியிருக்க வேண்டும். தூள் சலிக்காமல் போட்டால் சிலாம்பு ஏறும். பையன்களுக்கு டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வதும் நல்லது.

போட்டிக்குப் பத்து நாள் முன்பிருந்து, ஓடுவதற்கும் பிடிப்பதற்கும் முன்னால், தினம் கால் மணி நேரம் விழப் பழகட்டும். முதலில் முட்டி போட்ட நிலையிலிருந்து, பிறகு குந்திய நிலையிலிருந்து, கடைசியில் நின்றபடி. ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மற்றவன் 'கபடி கபடி' என்று விடாமல் சொல்லிக்கொண்டே இறங்க வேண்டும். பாட்டு அறுந்தால் தப்பாக விழுந்தான் என்று அர்த்தம், மறுபடியும் விழச் சொல்லுங்கள்.

கோட்டைப் பற்றியும் ஒன்று. பல ஊர்களில் நடுக்கோட்டைச் சுண்ணாம்பால் தடிமனாகப் போடுகிறார்கள், விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய வேண்டுமாம். அந்தக் கோட்டில்தான் பையன் முகத்தை வைத்து விழுகிறான். சுண்ணாம்பு கண்ணில் போனால் பார்வைக்கே ஆபத்து, போளூர் இறங்கும்வரைகூடத் தாங்காது. அப்படிப் பட்டுவிட்டால் தேய்க்கவிடாமல் அங்கேயே குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகுதான் வண்டி பிடிக்க வேண்டும். சுண்ணாம்பை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து ஒரு படி அரிசிமாவு கொண்டு வந்து போடுங்கள். எறும்பு வரும், வரட்டும்.